பூட்டு போடாத வெள்ளிக்கிழமை

"கையே போயிடுச்சாம்மா, மணிக்கட்டோட."

இதை எனக்குச் சொன்னவர் நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவர். அவருக்குச் சொன்னது கேன்டீனில் தட்டு கழுவுகிற பெண். அந்தப் பெண்ணுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. திங்கட்கிழமை காலையில் நான் அலுவலகக் கதவைத் திறந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அதற்குள் நூலகக்காரர் வந்து கவுன்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

"யாரு கை?"

"சிற்பம் படிக்கிற பையன், அந்த நெட்டை. சனிக்கிழமை மரப் பட்டறையில. எல்லாம் நீங்க 'பூட்டு'ன்னு கூப்பிடுற அந்தப் பொண்ணு பண்ணின வேலையாம். மெஷின் சரியில்லன்னு தெரிஞ்சும் பூட்டு போடாம வெள்ளிக்கிழமை சீக்கிரமே கெளம்பிட்டாளாம். வாசல்ல எவனோ வண்டியோட நின்னானாம்."

"எவன்?"

"எவனோ. நானா பாத்தேன்? சொன்னாங்க."

கை போகவில்லை. இரண்டு விரல்களின் நுனி போயிருந்தது. வாசலில் வண்டியோடு யாரும் நிற்கவில்லை. அவள் போனது பேருந்தில், அதுவும் வழக்கத்தைவிட நாற்பது நிமிடம் தாமதமாக. அவளைப் பற்றி அவர் சொன்னதில் ஒன்றே ஒன்றுதான் உண்மை: கோளாறு தெரிந்தும் அவள் பூட்டு போடவில்லை.

நான் வேலை பார்ப்பது பல்கலைக்கழக ஓவியத் துறையின் அலுவலகத்தில். கால அட்டவணை, கடிதம், கோப்பு, கையெழுத்துக்கு அலைவது. பூட்டு அங்கே அச்சோவியம் படித்த கடைசி வருட மாணவி. கடைசி வருடத்தில் எல்லோரும் எங்காவது இருநூற்று நாற்பது மணி நேரம் வேலைப் பயிற்சி முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் வருடம் தேறாது. வருடம் தேறாவிட்டால், அவளைப் போல வெளிநாட்டிலிருந்து படிக்க வந்தவர்களுக்குத் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க மாட்டார்கள். பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மற்றவர்கள் அருங்காட்சியகம், காட்சிக்கூடம் என்று போனார்கள். இவள் மூன்று இடங்களுக்கு எழுதிப் போட்டாள், மூன்றிலிருந்தும் பதில் இல்லை. கடைசியில் கிடைத்தது எங்கள் துறையின் பட்டறைகளைப் பராமரிக்கும் வேலை.

"என்ன வேலைன்னு சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"படம் வரையறவங்க செத்துப்போகாம பாத்துக்கிற வேலை அக்கா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனால் வேலை கிட்டத்தட்ட அதுதான். எண்ணெய் வண்ணம் துடைத்த துணிகளை மூடியுள்ள தகரத் தொட்டியில் போட்டு வைப்பார்கள். அதைத் தினமும் காலி செய்ய வேண்டும். ஆளிவிதை எண்ணெயில் நனைந்த துணியைக் குவித்து விட்டுவிட்டால், தீக்குச்சியே இல்லாமல் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். களிமண் அறையைப் பெருக்கக் கூடாது, ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும். தூசி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அமிலம் வைத்திருக்கும் அறையில் கண் கழுவும் குழாயைத் திறந்து, தண்ணீர் தெளிந்து வரும்வரை நிற்க வேண்டும். தீயணைப்பான்களின் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மரப் பட்டறையில் ஒவ்வோர் இயந்திரத்தையும் ஓடவிட்டு, சிவப்புப் பட்டனை அமுக்கினால் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையில் எல்லாவற்றையும் இன்னொரு சுற்று.

கோளாறு ஏதாவது கண்ணில் பட்டால் இயந்திரத்தின் மின்சாரக் கைப்பிடியை இறக்கி, அதில் சிவப்புப் பூட்டு ஒன்றை மாட்டி, பெயரும் தேதியும் எழுதிய சீட்டைக் கட்டித் தொங்கவிட வேண்டும். ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. போட்டவர்தான் எடுக்கலாம். துறைத் தலைவரே வந்து நின்றாலும் அந்தப் பூட்டைத் தொடக் கூடாது. இப்படி ஆறு பூட்டுகளை இடுப்புப் பட்டியில் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பாள். அவள் வருவது தாழ்வாரத்தின் அந்த முனையிலேயே கேட்டுவிடும்.

பூட்டு என்று பெயர் வைத்தவர் மேஸ்திரி. பட்டறைகள் அத்தனைக்கும் அவர்தான் பொறுப்பு. பதவிப் பெயர் நீளமாக ஏதோ உண்டு, நாங்கள் மேஸ்திரி என்போம். துறையில் தமிழ் பேசும் ஆட்கள் நாங்கள் மூன்று பேர்தான். நூலகக்காரரைச் சேர்த்தால் நான்கு, ஆனால் அவரை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை.

மேஸ்திரிக்கு ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. அவள் அவரை "மேஸ்திரி அண்ணா" என்பாள்.

"என் பேரப்பிள்ளை வயசுல இருந்துக்கிட்டு அண்ணாவா?"

"தாத்தான்னு கூப்பிடட்டுமா?"

"அண்ணாவே இருக்கட்டும், போ."

நான் இந்த ஊருக்கு இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கிய புதிதில், அனுமதி அலுவலகத்து வரிசையில் ஒரு நாள் முழுக்க என்னோடு நின்றவர் அவர். பிறகொரு முறை என் வீட்டுக் கதவின் கீல் உடைந்து, கதவு சாய்ந்து நின்றது. போனில் சொன்னேன். "பாத்துக்கலாம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். மறுநாள் காலை எட்டு மணிக்குக் கையில் கீலோடும் திருப்புளியோடும் வாசலில் நின்றார்.

அவளுடைய அம்மா வீட்டிலிருந்தே துணி தைப்பவர். முதல் வாரத்தில் ஒருநாள் என் கவுன்டர் முன்னால் நின்றபடி அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். திரையில் தையல் மெஷினும் பாதி முகமும் தெரிந்தன. வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டே அந்த அம்மா பேசினார்.

"படம் வரையப் போனவளுக்குக் கக்கூஸ் கழுவுற வேலையா குடுத்திருக்காங்க?"

"கக்கூஸ் இல்லம்மா. கண்ணு கழுவுற குழாய்."

"ரெண்டும் கழுவுறதுதானே. பக்கத்துல யாரு அது? போன அவங்ககிட்ட குடு."

போன் என் கைக்கு வந்தது. அந்த அம்மா ஊசிகளை எடுத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"உங்களப் பத்தி நெறைய சொல்லுவா. தைரியசாலி மாதிரிதான் பேசுவா, உள்ளுக்குள்ள பயந்த புள்ள. கொஞ்சம் பாத்துக்குங்க."

"நான் பாத்துக்கிறேன்மா. நீங்க கவலப்படாதீங்க."

என் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவசரத்துக்கு என்றார். அதற்குப் பிறகு பல வாரம் அந்த அம்மா என்னை அழைக்கவே இல்லை.

அவள் பயந்தவள் என்பது உண்மை. களிமண் சூளை சூடேறும்போது உள்ளே ஏதோ டக்கென்று விழுவது போல ஒரு சத்தம் வரும். ஒவ்வொரு முறையும் துள்ளுவாள். ஆனால் அந்தப் பயம்தான் அவளை அந்த வேலைக்குப் பொருத்தமானவளாக்கியது. எல்லோரும் பார்த்து ஒப்பமிடும் படிவத்தை அவள் உண்மையிலேயே பார்த்து ஒப்பமிட்டாள். ஓரத்தில் தமிழில் குறிப்புகள் வேறு. 'இந்தக் கண்ணாடி போட்டால் குருடுதான்.' 'இந்த ஏணியில் பூனைகூட ஏறாது.' கோப்பில் சேர்ப்பதற்கு முன் அவற்றை அழிப்பது என் வேலை. அழிக்க மனமில்லாமல் சிலவற்றை விட்டுவிட்டேன்.

அவளுடைய தேர்வுக்கான படங்களும் அந்த வேலையிலிருந்தே வந்தன. கழுவிக் காயப்போட்ட கையுறைகளைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்செடுத்தாள். ஒவ்வொரு கையுறையும் அதைப் போட்டிருந்த கையின் வடிவத்திலேயே விறைத்திருக்கும். பன்னிரண்டு படங்கள் என்று திட்டம். ஒன்பது முடித்திருந்தாள்.

ஆறாவது வாரத்தில் அது நடந்தது. அச்சுப் பட்டறையின் பெரிய உருளை இயந்திரத்தில் பாதுகாப்புத் தகட்டின் ஆணி ஒன்று தளர்ந்திருந்தது. யாரிடமும் கேட்காமல் பூட்டு போட்டுவிட்டாள். விதிப்படி கேட்க வேண்டியதில்லை; கண்டவர் போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அன்று காலை இருபது மாணவர்கள் மை தடவிய தகடுகளோடு வரிசையில் நின்றார்கள். மேஸ்திரி வந்து பார்த்தார்.

"நீ யாரு பூட்டு போட? இருபத்தஞ்சு வருஷமா இந்த மெஷின நான் பாக்குறேன். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

தமிழில்தான் கத்தினார். அங்கிருந்த ஒருவருக்கும் மொழி புரியவில்லை. விஷயம் எல்லோருக்கும் புரிந்தது. பத்து நிமிடத்தில் ஆணியை முடுக்கினார். அவள் பூட்டை எடுத்தாள். பிறகு சாமான் அறைக்குப் போய்க் கையுறைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நான் போனபோது எண்ணி முடித்த குவியலைக் கலைத்துவிட்டு மறுபடியும் எண்ண ஆரம்பித்தாள்.

"தப்பா அக்கா நான் பண்ணினது?"

"தப்பில்ல. ஆனா பெரியவரு பாரு. அடுத்த தடவ ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடு. கொறஞ்சா போயிடுவ?"

"விதியில கேக்கணும்னு இல்லயே."

"விதி அவங்களுக்கு. நாம நமக்குள்ள ஒரு வார்த்த சொல்லிக்கிறது வேற."

தலையாட்டினாள். நான் சொன்னால் கேட்பாள்.

விபத்துக்கு முந்தைய அந்த வெள்ளிக்கிழமை மாலை, மரப் பட்டறையின் பேண்ட்சாவை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறாள். நீளமான ரம்பப் பட்டை இரண்டு சக்கரங்களில் சுற்றிக்கொண்டே கீழிறங்கும் இயந்திரம் அது. சிவப்புப் பட்டன் அமுங்கியது, ஆனால் ரம்பம் நிற்கவில்லை. பூட்டைக் கையில் எடுத்துவிட்டாள். பிறகு ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று போனை எடுத்தாள். மேஸ்திரிக்குத் தட்டச்சு வராது, அதனால் குரலில் பேசி அனுப்பினாள். அந்த இரண்டு பதிவுகளும் எனக்கு இப்போது மனப்பாடம்.

"மேஸ்திரி அண்ணா, பேண்ட்சாவுல நிறுத்துற பட்டன் ஒட்டிக்குது. மூணு தடவ அமுக்கினா ஒரு தடவதான் நிக்குது. பூட்டு போட்டுடவா?"

ஆறு நிமிடம் கழித்துப் பதில். பின்னால் கோப்பையில் கரண்டி தட்டும் சத்தம்.

"ஆங்... பாத்துக்கலாம்மா. நீ கெளம்பு."

பூட்டை மறுபடி இடுப்பில் மாட்டிக்கொண்டாள். அவர் கட்டடத்துக்குள்தான் இருக்கிறார், வருவார் என்று நாற்பது நிமிடம் பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு, கிளம்பச் சொன்னாரே என்று கிளம்பினாள். அவர் கடைசிச் சுற்றில் பட்டறைப் பக்கம் வர மறந்து, பின் வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விட்டார். சனிக்கிழமை காலையில் சிற்பம் படிக்கும் நெட்டைப் பையன் மரம் அறுத்தான். பட்டனை அமுக்கினான். தூசி உறிஞ்சும் மெஷினின் இரைச்சலில் ரம்பம் நிற்காதது கேட்கவில்லை. நின்றுவிட்டது என்று நினைத்துத் துண்டு மரத்தை எடுக்கக் கையை நீட்டினான்.

திங்கட்கிழமை நூலகக்காரர் நகர்ந்த பிறகு நான் மரப் பட்டறைக்குப் போனேன். பேண்ட்சாவின் மின்சாரக் கைப்பிடியில் சிவப்புப் பூட்டு தொங்கியது. சீட்டில் அவள் கையெழுத்து, அன்றைய தேதி. அவள் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"இப்ப போட்டேன்க்கா" என்றாள்.

விசாரணை வியாழக்கிழமை என்று கடிதம் வந்தது. தட்டச்சு செய்தது நான்தான். அந்தக் கடிதத்தின் கடைசி வரியில் என் பெயர் இருந்தது: குரல் பதிவுகளை மொழிபெயர்க்க.

புதன்கிழமை மதியம் மேஸ்திரி மாடிப்படிக்கு அடியில் என்னை நிறுத்தினார். சவரம் செய்யாத முகம்.

"நான் உன்னப் பொய் சொல்லச் சொல்லல. உள்ளது உள்ளபடி சொல்லு. பூட்டு போடாதேன்னு நான் சொன்னேனா? இல்லல்ல? பாத்துக்கலாம்னுதானே சொன்னேன்?"

"ஆமாண்ணா."

"அதுக்கு என்ன அர்த்தமோ அத சொல்லு, போதும். ஒன்றரை வருஷம்மா. ஒன்றரை வருஷத்த ஓட்டிட்டேன்னா..."

முடிக்கவில்லை. கையிலிருந்த மரத்தூளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போனார்.

அவளும் அதையேதான் சொன்னாள். கண் கழுவும் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் தெளியும்வரை அதைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"நீங்கதான் சொல்லப் போறீங்கன்னதும் நிம்மதியா இருந்துச்சு அக்கா. அவரு பாத்துக்கலாம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அது போதும்."

அறையில் நீளமான மேசை. துறைத் தலைவர், பணியாளர் நிர்வாகத்திலிருந்து ஓர் இளைஞர், நடுவில் பாதுகாப்பு அதிகாரி. அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. நெட்டைப் பையனை மருத்துவமனையில் தினமும் போய்ப் பார்த்தவர் அவர்தான். மேசையின் ஒரு கோடியில் அவள், இன்னொரு கோடியில் மேஸ்திரி, இரண்டுக்கும் நடுவே நான். என் நாற்காலியின் ஒரு கால் குட்டை. அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் அவளிடம் கேட்டார்கள். கேள்விகளும் பதில்களும் இந்த ஊர் மொழியில்.

"கோளாறு கண்டவர் யாரையும் கேட்காமல் பூட்டலாம் என்று விதி இருக்கிறது. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பிறகு ஏன் கேட்டீர்கள்?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. மேசை மேல் இருந்த தன் கைகளைப் பார்த்தாள்.

"கேட்க வேண்டும் என்று தோன்றியது."

"யாராவது கேட்கச் சொன்னார்களா?"

"இல்லை."

நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய முதல் இடம் அது. என்னிடம் யாரும் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு பதிவைப் போட்டார்கள். ஏழு நொடி. மூன்று முறை போட்டார்கள். கரண்டிச் சத்தம், ஆங், பாத்துக்கலாம்மா. அதிகாரி பேனாவோடு என் பக்கம் திரும்பினார். "சொல்லுக்குச் சொல். விளக்கம் வேண்டாம்."

நான் சொன்னதைத் திரும்பத் தமிழாக்கினால் இப்படி வரும்: 'பிறகு பார்ப்போம். நீங்கள் போகலாம்.'

எழுதிக்கொண்டார். "யார் பார்ப்பது?"

"அந்தச் சொல்லில் யார் என்பது இல்லை."

"அவர் பார்ப்பதாகப் பொருள் கொள்ளலாமா?"

"கொள்ளலாம். இப்போதைக்கு விடு என்றும் பொருள் கொள்ளலாம்."

"இந்த இடத்தில் எது?"

பேனா காத்துக்கொண்டிருந்தது. மேஸ்திரியின் முழங்கால் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் முதல் முறையாக என்னைப் பார்த்தாள். பதற்றமே இல்லாத பார்வை, தேர்வுத் தாளில் தெரிந்த கேள்வி வந்துவிட்டது போல.

எனக்குத் தெரியும். அந்தக் குரலில் அந்த 'ம்மா' எப்படி இறங்கும் என்று தெரியும். என் கதவு இன்றைக்கும் அவர் மாட்டிய கீலில்தான் நிற்கிறது. கீல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவர் வரிசையில் என்னோடு நின்ற அந்த நாள் ஞாபகம் வந்தது. என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போட வேண்டிய துறைத் தலைவர் எதிரில் உட்கார்ந்திருப்பதும் ஞாபகம் வந்தது. சொல்லுக்குச் சொல் என்றார்கள், சொல்லிவிட்டேன், அதற்கு மேல் என் வேலை இல்லை என்று தோன்றியது. நியாயமானதாகவே தோன்றியது.

"என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது" என்றேன்.

மேஸ்திரியின் முழங்கால் நின்றது. அதிகாரி ஒரு வரி எழுதி, கீழே கோடு போட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. பொறுப்பை யாரும் தெளிவாக ஏற்காத நிலையில், கோளாறைக் கண்டவர் விதிப்படி பூட்டியிருக்க வேண்டும். பயிற்சி அன்றோடு முடிவுக்கு வந்தது. அதுவரை செய்த நூற்று எண்பது மணி நேரமும் கணக்கில் வராது. மேஸ்திரிக்கு எழுத்துப்பூர்வமான எச்சரிக்கை. அந்தக் கடிதத்தையும் நான்தான் தட்டினேன். உறையில் அவள் பெயரை எழுதும்போதுதான், இத்தனை மாதமாக அந்தப் பெயரை ஒருமுறைகூட நான் வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை என்பது உறைத்தது.

அவள் நின்றுகொண்டே படித்தாள். இரண்டு பக்கம். இரண்டாவது பக்கத்தைப் படித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனாள்.

"'யாரும் தெளிவாக'ன்னு போட்டிருக்காங்க" என்றாள்.

"மேல்முறையீடு பண்ணலாம். பதினாலு நாள் இருக்கு. நான் எழுதித் தரேன், இந்தத் தடவ நான்..."

"பாத்துக்கலாம்க்கா."

இடுப்புப் பட்டியை அவிழ்த்துக் கவுன்டரில் வைத்தாள். ஐந்து பூட்டுகள். ஐந்து சாவிகளும் அவற்றிலேயே செருகியிருந்தன. நான் கையெழுத்து வாங்க வேண்டிய தாளை நீட்டினேன். போட்டாள்.

"நெட்டையப் போய்ப் பாத்தேன். கட்ட அவுத்திருக்காங்க. என் படத்துல இருக்கிற கையுறை மாதிரியே இருக்கு அக்கா. ரெண்டு விரல்ல மட்டும் காத்து இல்ல."

கதவு வரை போனாள். தாழ்வாரத்தில் அவள் நடந்து போவது கேட்கவில்லை. பூட்டுகள் என் கவுன்டரில் இருந்தன.

புதன் போனது. அவள் வரவில்லை. மேல்முறையீட்டுக் கடிதத்தை நான் எழுதி வைத்துவிட்டேன். பேண்ட்சா, பதிவு, சாமான் அறையில் நான் சொன்ன புத்திமதி, என் கதவின் கீல், எல்லாம் அதில் இருந்தது. அவள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. வியாழக்கிழமை காலை நூலகக்காரர் வந்து, அவள் ஏற்கெனவே விமானம் ஏறிவிட்டாளாம் என்றார். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். சொன்னாங்க என்றார்.

பதினொரு மணிக்கு மேஸ்திரி வந்தார். விசாரணைக்குப் பிறகு என் அறைப் பக்கம் அவர் வருவது அதுதான் முதல் முறை. கவுன்டருக்கு ஓரடி தள்ளியே நின்றார்.

"புதுப் பட்டன் வந்துடுச்சு. மாட்டிட்டேன். ஆனா மெஷின் மேல அவ பூட்டு இன்னும் தொங்குது. சாவி அவகிட்ட இருக்கு போல. போட்டவங்கதான் எடுக்கணும்."

"ஆமா."

"வெட்டிடச் சொல்றாங்க. எனக்கு மனசு வரல. ஒரு போன் போட்டு, வந்து தெறந்துட்டுப் போகச் சொல்லேன்."

"நீங்க கூப்பிடுங்கண்ணா."

"நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு?"

நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு என்று அவர் என்னைக் கேட்கவில்லை. அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றது. மறுபடி அழைத்தேன். மேஸ்திரி கவுன்டரில் கிடந்த பூட்டுகளில் ஒன்றை எடுத்துத் திறந்து மூடினார், திறந்து மூடினார்.

"எடுக்கலயா?"

"எடுக்கல."

போனைக் கீழே வைத்ததும் அது ஒளிர்ந்தது. அவள்தான் என்று எடுத்தேன். அவள் இல்லை. அவசரத்துக்கு என்று அன்றைக்கு நான் பதிந்து வைத்த பெயர். பூட்டு அம்மா.

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "யாரு?"

"அவங்க அம்மா."

"எடு."

நான் எடுக்கவில்லை. மகள் எங்கே என்று கேட்பாரா, மூன்று நாளாக ஏன் பேசவில்லை என்று கேட்பாரா, இல்லை எல்லாம் தெரிந்துகொண்டு என்னை மட்டும் கேட்கப்போகிறாரா? போன் நின்றது. மறு நொடியே மறுபடியும் அதே பெயர். அதிர்வில் கவுன்டர் மேல் நகர்ந்து நகர்ந்து, பூட்டுகளில் போய் இடித்துக் கலகலத்தது.

"எடும்மா" என்றார் மேஸ்திரி. "என்னன்னு கேளு. பாத்துக்கலாம்."

அது அடித்துக்கொண்டே இருந்தது.